திருப்பி வைக்காத தொட்டி

அத்தியாயம் 5

"அந்த வக்கீல் பொண்ணு எவ்வளவு தெளிவா எடுத்துச் சொன்னாங்க, கவனிச்சியா?" என்றார் பாஸ்.

கவனித்தேன். வயிறு எரிய எரியக் கவனித்தேன். வருஷக்கணக்காக இந்த மனிதரின் துப்பறியும் ஆபீஸில் குப்பை கொட்டுகிறேன். மழையில் நனைந்துகொண்டே ஆட்களைப் பின்தொடர்ந்திருக்கிறேன், ஒரு தடவை நாய்க்கடிகூட வாங்கியிருக்கிறேன். இத்தனைக்கும் அவர் எனக்குக் கொடுத்த ஒரே பட்டம் 'ரேடியோ'. வாய் ஓயாதாம். நேற்று முளைத்த வக்கீலுக்கோ காலையிலிருந்து இது மூன்றாவது பாராட்டு.

"சுமாரா சொன்னாங்க," என்றேன். காரைக் கொஞ்சம் வேகமாகவே திருப்பினேன். முன்னால் ஸ்கூட்டரில் வழிகாட்டிக்கொண்டு போனது அதே வக்கீல்தான்.

"அப்ப நீ சொல்லு பாப்போம். கேஸ் என்ன?"

"ஒரு நர்சரி. முதலாளி போன மாசம் காலமாயிட்டார். அவர் நல்லா இருந்தப்பவே, அங்க வேலை செய்யற தோட்டக்காரிக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். அந்தம்மா புதுசா உருவாக்கின சாம்பல் நிறச் செம்பருத்தியோட தாய்ச்செடியை அவர்கிட்ட குடுத்தா, அன்னையிலிருந்து பத்து வருஷத்துக்குப் பின்பக்கத்துக் கண்ணாடி வீடு அந்தம்மாவோட பொறுப்புல. 'குடுத்துட்டேன்'ங்கறாங்க தோட்டக்காரம்மா, நம்ம வக்கீலோட கட்சிக்காரங்க. 'குடுக்கவே இல்ல'ங்கறார் முதலாளியோட தம்பி. செடியைக் காணோம். இதைச் சொல்றதுக்குக் கறுப்புக் கோட்டு எதுக்கு பாஸ்?"

"மறுபயன்?"

"அதையும் சொல்றேன். சும்மா குடுக்கற வாக்கு வெறும் வாக்கு. நாளைக்கு மனசு மாறினா ஏன்னு கேக்க நாதி இல்ல. பதிலுக்கு ஏதாவது ஒண்ணை வாங்கிட்டுக் குடுத்த வாக்குதான் சட்டத்துல ஒப்பந்தம். அந்த 'ஏதாவது ஒண்ணு'க்குப் பேர்தான் மறுபயன். செடி கைமாறியிருந்தா கண்ணாடி வீடு அந்தம்மாவுக்கு. மாறலைன்னா பேப்பரை மடிச்சுக் கப்பல் விட்டுக்கலாம்."

"பரவாயில்லையே," என்றார் பாஸ்.

அவளுக்குத் 'தெளிவு', எனக்குப் 'பரவாயில்லையே'. தேவையே இல்லாத இடத்தில் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினேன்.

நர்சரியின் வாசலில் ஒரு லாரி வந்து நின்றிருந்தது. தொட்டிகளை அடுக்குவதற்கு மரத்தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை செய்தவர் முதலாளியின் தம்பி. மடிப்புக் கலையாத சட்டை, கையில் புத்தம் புதுப் பூட்டு. நர்சரி இருக்கும் இடத்தில் கார் கழுவும் கடை போட வேண்டும் என்பது அவருடைய கனவு. பூவைப் பார்த்தால் தும்மல் வரும் ஜாதி.

"மதியம் வரைக்கும்தான் வக்கீலம்மா," என்றார் அவர். "அதுக்குள்ள செடி கைக்கு வந்ததுன்னு நிரூபிச்சாச் சரி. இல்லைன்னா உள்ள இருக்கறதெல்லாம் வெளிய. கண்ணாடி வீட்டுக்கு இந்தப் பூட்டு."

பக்கத்தில் தோட்டக்காரி. நாற்பது வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் மண். கண்ணாடி வீட்டுக்குள் எங்களை அழைத்துப் போனாள். உள்ளே பலகை பலகையாக விரல் உயர நாற்றுகள். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் வைத்து, விதை எடுத்து, முளைக்க வைத்து, பிடிக்காததைக் கழித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அவள் சேர்த்த சொத்து அத்தனையும் அங்கேதான் இருந்தது.

"வெளிய எடுத்து வெச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு பகல் வெயில் தாங்காதுங்க. இதுங்க வெளிக்காத்தே பாத்ததில்ல." குரல் உடைந்தது. "இதுல ஒண்ணுகூட இன்னும் பூக்கல. என்ன நிறம்னு எனக்கே தெரியாது. தெரியாமயே போயிடும்."

அழுதுகொண்டிருந்தபோதும் அவள் கை சும்மா இல்லை. பக்கத்தில் இருந்த தொட்டி ஒவ்வொன்றையும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு.

"அது என்ன பொட்டு?" என்றார் பாஸ்.

"திருப்பறதுக்கு அடையாளம். செடி வெளிச்சத்தைப் பாத்துத்தான் வளரும். ஒரே பக்கமா வெச்சா ஒரே பக்கமா சாஞ்சிடும். அதான் அப்பப்ப திருப்பி விடுவோம். இங்க வேலை செய்யற எல்லாருக்கும் கை தானா போகும்."

வக்கீல் உடனே குறிப்பெடுத்துக்கொண்டாள். பாஸ் அதைப் பெருமையாகப் பார்த்தார். குறிப்பெடுப்பது என்ன பெரிய வித்தையா? எனக்கும் எழுதத் தெரியும்.

நர்சரியை ஒட்டியே முதலாளியின் வீடு. பின்வாசலில் முதலாளியம்மா ஒரு தட்டில் தண்ணீர் டம்ளர்களோடு நின்றிருந்தாள். மெலிந்த உடம்பு, நரைத்த தலை, இரும்பு போல நேரான முதுகு. பாஸுக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, மைத்துனருக்கு ஒன்று. லாரிக்காரரைக்கூடக் கூப்பிட்டுக் கொடுத்தாள். தட்டில் ஒரு டம்ளர் மிச்சம் இருந்தது. பக்கத்திலேயே தோட்டக்காரி நின்றுகொண்டிருந்தாள். முதலாளியம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அதைப் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது. காரணம், இன்று காலை பாஸுக்கும் எனக்கும் டீ வாங்கி வந்துவிட்டு, வக்கீலுக்கு வாங்க 'மறந்தவன்' நான்.

திரும்பி வந்தவளிடம் பாஸ் பணிவாகக் கேட்டார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் அந்தச் செடியைத் தன் கையாலயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதா இவங்க சொல்றாங்க. நீங்க..."

"அப்படி ஒரு செடியை என் வீட்டுக்குள்ள நான் பாத்ததே இல்ல," என்றாள், கேள்வி முடிவதற்குள்.

"கேட்டுக்கிட்டீங்கல்ல?" தம்பி கைகளை விரித்தார். "வீட்டுல அண்ணனும் அண்ணியும் மட்டும்தான். அண்ணியே பாக்கலைங்கறாங்க. அது போகட்டும். ஒரு தொட்டிச் செடிக்கு ஒரு கண்ணாடி வீடா? இதை எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்?"

"ஈடா இருக்கான்னு சட்டம் தராசுல நிறுத்திப் பாக்காதுங்க," என்றாள் வக்கீல். "யாரும் மிரட்டாம, ஏமாத்தாம, அவரே இதுதான் வேணும்னு கேட்டு வாங்கியிருந்தா, ஒரு செடி போதும். ஒரு இலைகூடப் போதும்."

"வாங்கியிருந்தா."

"ஆமா," என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி. "வாங்கியிருக்கணும்."

மனசாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்கிறேன், நன்றாகத்தான் பேசினாள். அதுதான் எரிச்சல்.

பாஸ் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "யோசிச்சுப் பாரு. செடி இல்லாமப் போனா லாபம் யாருக்கு? தம்பிக்கு. எரிச்சிருப்பான், இல்ல குப்பைல போட்டிருப்பான். குப்பை மேட்டை வக்கீல் நேத்தே கிளறிப் பாத்தாச்சாம். ஒண்ணும் இல்ல. எனக்கு வழியே தெரியல ரேடியோ."

"பாஸ், எனக்கு அந்த வக்கீலம்மாவைக் கொல்லணும்னு தோணல."

"ரொம்ப சந்தோஷம்."

"முழுசாக் கேளுங்க. அவங்க ஒழிஞ்சு போகணும்னுகூடத் தோணல. அவங்க பேசறப்ப தொண்டை கட்டிக்கணும், அவ்வளவுதான். இருக்கணும், ஆனா உங்க முன்னாடி மினுக்கக் கூடாது."

பாஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா உனக்கு?"

"சரியில்ல. பொறாமை. அதான் சொல்றேன். லாபத்துக்குச் செய்யறவன் அழிச்சிடுவான். பொறாமைல செய்யறவங்க அழிக்க மாட்டாங்க. அழிச்சிட்டா அப்புறம் யாரைப் பாத்து எரியறது? அந்தம்மா எல்லாருக்கும் தண்ணி குடுத்தாங்க, தோட்டக்காரம்மாவுக்கு மட்டும் குடுக்கல. பாத்தீங்களா?"

பாஸ் பார்த்திருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொல்லி மாளாது.

"அதனால?" என்றார்.

"செடி உயிரோடதான் இருக்கு. எங்கயோ தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கு. பூக்க மட்டும் விட்டிருக்க மாட்டாங்க."

செடியை ஒளிப்பதற்குச் செடிக்கூட்டத்தைவிட நல்ல இடம் ஏது? செம்பருத்தி வரிசைக்கு ஓடினோம். தோட்டத்தின் கடைசி வேலியோரம், ஒரே மாதிரித் தொட்டிகளில் ஒரே மாதிரிப் பச்சை. எல்லாச் செடியிலும் மொட்டுகள். நான் ஒரு பக்கமிருந்தும் பாஸ் மறுபக்கமிருந்தும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தோம். இடுப்பு போனதுதான் மிச்சம் என்று நினைத்தபோது அது கண்ணில் பட்டது. வேலியை ஒட்டி, இரண்டு பெரிய செடிகளுக்குப் பின்னால், மொட்டே இல்லாத ஒரு செடி. காம்புகள் இருந்தன, மொட்டுகள் இல்லை. ஒவ்வொரு காம்பின் நுனியும் நகத்தால் கிள்ளப்பட்டிருந்தது. சில கிள்ளல்கள் காய்ந்திருந்தன, சிலது இன்னும் ஈரமாக இருந்தது.

"பாஸ்!" என்று கத்தினேன்.

தோட்டக்காரிதான் முதலில் ஓடிவந்தாள். வந்தவள் மண்ணில் உட்கார்ந்து இலையைப் புரட்டிப் பார்த்தாள். "இதேதான்," என்றாள். "ஐயோ, என்ன கோலம் பண்ணி வெச்சிருக்காங்க இதை. இதேதாங்க!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. வக்கீலைத் திரும்பிப் பார்த்தேன், பாராட்டை வாங்கிக்கொள்ள. அவள் முகம் வெளுத்திருந்தது.

"இதுதான் அந்தச் செடியா?" பின்னாலிருந்து தம்பியின் குரல். மனிதர் சிரித்துக்கொண்டே வந்தார். "ரொம்ப நன்றி சார். நான் தேட வேண்டிய வேலை மிச்சம். செடி நர்சரியிலயே இருக்கு. இவ வேலை செய்யற வரிசையில, இவ தண்ணி ஊத்தற தொட்டிகளோட தொட்டியா. அண்ணனுக்குக் குடுத்திருந்தா இங்க எப்படி இருக்கும்? குடுக்கவே இல்லைன்னு இதைவிடவா சாட்சி வேணும்?"

நான் நின்ற இடத்தில் அப்படியே நின்றேன். தேடிப் பிடித்து அந்தப் பெண்ணின் தலையில் மண்ணைப் போட்டவன் நானே. தம்பி லாரிக்காரருக்குக் கை காட்டினார். கண்ணாடி வீட்டின் கதவை யாரோ அகலத் திறந்து வைத்தார்கள். தோட்டக்காரி எழுந்திருக்கவே இல்லை.

பாஸ் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, அப்புறம் மறுபக்கம் சாய்த்து, செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோ, எனக்குக் கழுத்து சுளுக்கா, இல்ல இந்தச் செடி கோணலா?"

கோணல்தான். வரிசையில் இருந்த மற்றதெல்லாம் நட்ட கம்பு போல் நேராக நின்றன. இது ஒன்று மட்டும் அடியிலிருந்தே ஒரு பக்கமாகச் சரிந்து வளர்ந்திருந்தது. அந்தப் பக்கம் முழுக்க இலை, எதிர்ப்பக்கம் மொட்டைக் குச்சி. புதிதாக விட்ட தளிர்கள் மட்டும் நிமிரப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இங்க யாராவது தொட்டியைத் திருப்பாம விடுவீங்களா?" என்று தோட்டக்காரியிடம் கேட்டார்.

"மாட்டோம் சார். கேட்டீங்களே, கை தானா..." அவள் பாதியில் நிறுத்தினாள். மெதுவாக எழுந்து நின்றாள்.

"அப்ப இது ரொம்ப நாள் வேற எங்கயோ இருந்திருக்கு," என்றாள் வக்கீல். "ஒரே பக்கமா வெளிச்சம் வர்ற இடத்துல."

அதை நான் சொல்ல வாயைத் திறந்திருந்தேன். ஒரு விநாடி முந்திக்கொண்டாள், பாவி.

தொட்டியை நான்தான் தூக்கினேன். யாரிடமும் கொடுப்பதாக இல்லை. முதலாளியம்மா வாசலில் நின்று, "ரூமைக் கழுவி விட்டிருக்கேன், மண்ணு சிந்தும்," என்றாள். பாஸ், "நாங்களே துடைச்சுடறோம்மா," என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டார்.

முதலாளி கடைசிக் காலத்தில் படுக்கையிலேயே கிடந்த அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, தலைமாட்டுக்கு நேரே ஒரே ஒரு ஜன்னல். நெட்டுக் கம்பிகள் போட்ட பழைய ஜன்னல். அதன் திண்டில் தொட்டியை வைத்தேன். இலை நிறைந்த பக்கம் வெளியே பார்க்கும்படி திருப்பினேன்.

செடி போய் உட்கார்ந்துகொண்டது. வேறு வார்த்தை இல்லை. சாய்ந்த தண்டு ஜன்னலின் சாய்வான வெளிச்சத்துக்குச் சரியாக நின்றது. நடுவில் ஒரு கிளை எதற்கென்றே தெரியாமல் வளைந்திருந்ததே, அந்த வளைவு இரண்டாவது கம்பியைச் சுற்றிக்கொண்டு வெளியே போனது.

"அடேங்கப்பா!" என்றேன்.

"ஜன்னல் எல்லா வீட்டுலயும்தான் இருக்கு," என்றார் தம்பி. ஆனால் பூட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "கம்பியும் இருக்கு. இவ எங்கயோ வெச்சு வளத்திருப்பா. அண்ணிதான் பாக்கவே இல்லைங்கறாங்களே. அதுக்கு மேல என்ன?"

நியாயம்தான். செடிக்கு வாய் கிடையாது. வக்கீல் பாஸைப் பார்த்தாள். பாஸ் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டல் எனக்கு அர்த்தமாக வருஷங்கள் பிடித்திருக்கின்றன. இப்போது எந்த வக்கீலுக்கும் அது புரியாது.

பாஸ் ஒரு பெருமூச்சு விட்டுக் கட்டிலைத் தட்டிக் கொடுத்தார். "தம்பி சொல்றதுதான் சரி போலிருக்கு. இந்தம்மா ஆசை ஆசையா வளத்த செடி. அப்படியே இங்க வந்திருந்தாலும், உங்க வீட்டுக்காரர் அதைக் கண்டுக்கவே இல்ல போல. ஒரு மூலைல போட்டுட்டு மறந்திருப்பார். பெரிய மனுஷங்களுக்கு ஒரு செடி என்ன பெருசா..."

"கண்டுக்கலையா?" என்றாள் முதலாளியம்மா.

"ஆமாம்மா. அலட்சியம்."

"யாரு, அவரா?" அவள் குரல் ஏறிற்று. "கண்ணு முழிச்சா அது மூஞ்சியிலதான் முழிப்பார்! 'இன்னைக்கு எத்தனை பூ?'ன்னு அதைத்தான் கேப்பார். கட்டில் தலைமாட்டை மாத்திப் போடச் சொன்னதே அதைப் பாத்துக்கிட்டுப் படுக்கறதுக்குத்தான். நான் கஞ்சி எடுத்துட்டு வந்து நின்னா, 'கொஞ்சம் நகரு, மறைக்குது'ன்னார். என்னை! என்னை நகரச் சொன்னார்!"

வக்கீல் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"அண்ணி..." என்றார் தம்பி.

"சும்மா இருங்க தம்பி! அலட்சியமாம். ரெண்டு வருஷம் என் வீட்டு ஜன்னல்ல ராணியாட்டம் உக்காந்திருந்துச்சு. பூவெல்லாம் வெளியில மதில் சுவருக்கு, வீட்டுக்குள்ள எங்களுக்கு வெறும் குச்சி. அவரால எழுந்து திருப்ப முடியல. என்னைத் திருப்பி வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். நான் மாட்டேன்னுட்டேன். தண்ணி ஊத்தினேன். சாக விட எனக்கு மனசு வரல, அவர் போனப்புறம் வேலியோரம் கொண்டு போய் வெச்சும் ஊத்தினேன். ஆனா திருப்பி வைக்க மாட்டேன். அது மூஞ்சியை நான் எதுக்கு அவருக்குக் காட்டணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி பூட்டைச் சட்டைப்பைக்குள் திணிக்கப் பார்த்தார், அது நுழையவில்லை.

"செடி வந்திருக்கு, அவர் ஏத்துக்கிட்டிருக்கார்," என்றாள் வக்கீல் மெதுவாக. "மறுபயன் கைமாறியாச்சு. ஒப்பந்தம் செல்லும்."

ஜெயித்துவிட்டோம். நியாயமாக நான் ஒரு குதி குதித்திருக்க வேண்டும். ஆனால் முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்த பார்வை என்னைக் கட்டிப் போட்டுவிட்டது.

"ஒண்ணு கேக்கணும் வக்கீலம்மா," என்றாள். கோபமெல்லாம் வடிந்திருந்தது. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த நர்சரிக்கு மண்ணு சலிச்சிருக்கேன். உரம் சுமந்திருக்கேன். அவர் படுத்தப்புறம் தூக்கிக் குளிப்பாட்டினேன். அந்தக் கண்ணாடி வீட்டுல எனக்கு ஒரு பலகை வேணும், நானும் ஏதாவது வளக்கறேன்னு ஆரம்பத்துலயே கேட்டேன். 'பாக்கலாம்'னார். கடைசி வரைக்கும் பாக்கலாம்தான். இவ ஒரு தொட்டி குடுத்தா, முழுசா எழுதிக் குடுத்துட்டார். நான் குடுத்ததெல்லாம் உங்க சட்டத்துல என்ன?"

வக்கீல் வாயைத் திறந்தாள், மூடினாள். காலையிலிருந்து அவள் தடுமாறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கியவன் நான். அது நடந்தபோது துளிகூடச் சந்தோஷமாக இல்லை.

"அன்பா செஞ்சதைச் சட்டம் கணக்குல எடுத்துக்காதும்மா," என்றாள் கடைசியில். "பதிலுக்கு இதுன்னு பேசிச் செஞ்சாத்தான்."

"பேசலையே," என்றாள் முதலாளியம்மா. "புருஷன்கிட்ட போய் அப்படியெல்லாம் பேசுவாங்களா?"

தோட்டக்காரி இதுவரை கதவருகேயே நின்றிருந்தாள். வீட்டுக்குள் அவளை யாரும் வா என்று சொல்லவில்லை. இப்போது தானாக உள்ளே வந்தாள்.

"அம்மா, செடி உங்களுதுதான். நான் குடுத்தாச்சு, திரும்பக் கேக்க மாட்டேன். கண்ணாடி வீட்டுல வெளிச்சம் நல்லா விழற பலகை ஒண்ணு இருக்கு. எடுத்துக்கோங்க."

"உன் பிச்சை எனக்கு வேண்டாம்!" பழைய கொதிப்பு ஒரு நொடி எட்டிப் பார்த்தது. "சும்மா குடுத்தா நாளைக்கு நீயும் 'பாக்கலாம்'பே. எழுதிக் குடு. பதிலுக்கு என்ன வேணும், சொல்லு."

தோட்டக்காரி யோசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"இந்தத் தொட்டியைத் திருப்பி வைக்கணும்," என்றாள். "அப்பப்ப. பலகை உங்ககிட்ட இருக்கற வரைக்கும்."

"அவ்வளவுதானா?"

"ஒரு இலைகூடப் போதும்னு வக்கீலம்மாதான் சொன்னாங்களே," என்றேன் நான். எதிராளியின் வசனத்தை எடுத்து விட்டதில் எனக்கு வெட்கமே இல்லை.

முதலாளியம்மா தொட்டியைப் பார்த்தாள், வக்கீலைப் பார்த்தாள். பிறகு, "எழுதுங்க," என்றாள். தம்பி, "அண்ணி, நம்ம கார் கழுவற கடை..." என்று ஆரம்பித்தார். "லாரிக்காரரை அனுப்புங்க தம்பி, பாவம், வெயில்ல நிக்கறார்," என்று அவள் முடித்துவிட்டாள்.

வக்கீல் எழுதினாள். நாலே வரி. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு இடம் விட்டு, பேனாவைப் பாஸிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினாள்.

"செடியைக் கண்டுபிடிச்சது நீங்கதானே சார். எனக்கு அது தோணியே இருக்காது. பொறாமைன்னா அழிக்கறதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன்."

'சார்'. ரேடியோ இல்லை, சார். பேனாவை வாங்கிக்கொண்டேன். நாளைக் காலையில் இவளுக்கும் ஒரு டீ வாங்க வேண்டும் என்று தோன்றியது. சர்க்கரை கொஞ்சம் கம்மியாக.

"பாஸ், இதுக்காவது நம்ம ஆபீஸ் போர்டுல என் பேரைப் போடுவீங்களா?" என்று காதோரம் கேட்டேன்.

"போடறேன். பதிலுக்கு நீ என்ன தருவ?"

"என்ன வேணும்?"

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வாயைத் திறக்காம வா. அதுவும் மறுபயன்தான், வக்கீலைக் கேட்டுப் பாரு."

பதில் சொல்ல வந்தேன். சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கையெழுத்துக்குக் குனிந்தேன்.

முதலாளியம்மா ஜன்னலுக்குப் போனாள். கம்பியில் மாட்டியிருந்த கிளையைப் பதமாக விடுவித்தாள். இலைக்கு அடியில், அவள் நகத்துக்குத் தப்பிய ஒரு மொட்டு இருந்தது. நுனியில் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அவள் விரல்கள் பழக்கத்தில் தானாக அதை நோக்கிப் போயின. தோட்டக்காரியின் கை என் சட்டையைப் பற்றிக்கொண்டதை உணர்ந்தேன்.

விரல்கள் மொட்டைத் தொட்டன. கொஞ்சம் நின்றன. அப்புறம் அங்கிருந்து இறங்கித் தொட்டியின் விளிம்பைப் பிடித்தன.

"இனிமே பாத்துக்கோங்க," என்றாள். எங்களிடம் சொல்லவில்லை, காலிக் கட்டிலைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, மொட்டு அறைக்குள் பார்க்கும்படி தொட்டியைத் திருப்பி வைத்தாள்.